மூன்று மைக்ரான்

கசாப்புக் கடைக்காரரின் மகள் நான்.
வெட்டுவது எங்கள் வீட்டுக்குக் கைவந்த வேலை.
அப்பா எலும்போடு வெட்டினார்.
நான் மெழுகில் உறைந்த சதையை
மூன்று மைக்ரான் கனத்தில் சீவுகிறேன்,
பெர்ன் நகரில், கால்நடை ஆய்வுக்கூடத்தின்
வெயில் எட்டாத பக்கத்தில்.

திங்கட்கிழமை டப்பா
எமென்டால் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது.
நாய். ஆண். ஆறு வயது. பெயர் பேரி.
வலது முழங்கால் மூட்டையொட்டிக் கட்டி,
எலுமிச்சை அளவு.
படிவத்தின் ஓரத்தில் பென்சிலால்
யாரும் கேட்காத ஒரு தகவல்:
‘பால் வண்டி இழுப்பவன்.’

முதல் சீவல் மடிந்துபோனது.
இரண்டாவது
வெதுவெதுத் தண்ணீரில்
காய்ச்சிய பாலின் ஆடைபோல்
மெல்லச் சுருக்கம் விட்டது.

நன்றாக இருந்த காலத்தில்
இந்தச் செல்கள்
உடம்பெங்கும் கை நீட்டிக் கிடந்தவை.
தோலடியில், மூட்டோரத்தில், நுரையீரலில்
கிளை கிளையாய் விரல் விட்டு
வந்தது யாரென்று தடவிப் பார்க்கும்.
வேற்று ஆள் என்று பட்டால்
ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துக்கொண்டு
நிணநீர்க் கணுவரை நடக்கும்.
சண்டையெல்லாம் போடாது.
காட்டும், அவ்வளவுதான்:
இதைப் பார். இந்த முகத்தை மறக்காதே.

இப்போது கைகளைக் காணோம்.
உருண்டு, ஊதி,
ஒன்றுக்குள் மூன்று கரு, நாலு கரு.
சில பாதி பிரிந்த நிலையிலேயே
என் மெழுகில் அகப்பட்டிருந்தன.
‘காட்டிக்கொடுக்கிறவனே வேற்றாளாகிவிட்டால்
அவனை யார் கிள்ளி எடுத்துப் போவது?’ என்றேன்.
‘கவிதை போதும்,’ என்றார் டாக்டர் ஊர்சினா.
‘அடுத்த சாயத்தைப் போடு.’

போட்டேன். பழுப்பு ஏறியது.
கண்ணாடிச் சில்லு முழுக்க
வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.

அரிது என்கிறது புத்தகம்.
மனிதருக்கு, பூனைக்கு,
தெருவில் போகும் மற்ற நாய்களுக்கு
அந்தச் சொல் சரிதான்.
இந்த மூவண்ண மலைநாய்களின் கொட்டகையில் நின்று
எண்ணிப் பார்க்கவில்லை அதை எழுதியவர்.
மார்பில் வெள்ளைச் சிலுவை,
புருவத்தில் துருநிறப் பொட்டு,
நூறு வருஷம் அழகு பார்த்துச் சேர்த்தார்கள்
ஒரே கிளைக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து.
கிளைஞர் எல்லாருக்கும் ஒரே முகம்.
முழங்காலும் ஒன்றுதான்.

கேத்தி ரூஎக்செகர் தொலைபேசியில் வந்தாள்.
‘இவன் அம்மாவுக்கு வந்ததேதானா?’
நான் பதில் சொல்லக் கூடாது.
டாக்டர் கூப்பிடுவார் என்றேன்,
விதி அப்படி.
பிறகு நிலவறைக்கு இறங்கினேன்.
ஒன்பது வருஷத்துக்கு முந்தைய இழுப்பறை.
ஃப்ளோரி. பெண். நுரையீரல்.
மெழுகுக் கட்டியின் மேல்
என் கையெழுத்து.
எனக்கு அந்த நாய்
ஞாபகமே இல்லை.

மாலையில் டாக்டர் பேசியபோது
ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன்.
மறுமுனையில் ஏதோ தகர வாளி
கீழே வைக்கப்படும் சத்தம்.
மருந்து உண்டு, சில மாதம் தள்ளிப்போகும் என்றார்.
ஈரலிலும் இருக்கலாம் என்றார்.

கேத்தி கணக்குப் போட்டாள்.
‘வியாழக்கிழமை ஊசி போட வரச் சொல்கிறேன்.
புதன்கிழமை பால்கூடம் வரை போக வேண்டும்,
அவன் கூட நடந்து வரட்டும்.
வண்டியை நான் இழுத்துக்கொள்வேன்.’
பிறகு,
‘அவன் பெண் ஒன்று என்னிடம் இருக்கிறாள், ஒன்பது மாதம்.
ஈன விடமாட்டேன்.’
பிறகு
பில்லை எந்த முகவரிக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை
பேரியின் மெழுகுக் கட்டியை எடுத்துப் போய்
ஃப்ளோரிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
எண் வரிசைப்படி அது
அங்கே இருக்கக் கூடாது.